முழங்கால் நேர்ச்சை

முழங்காலில் நகர்ந்து போகிறவர்களைப் பின்னாலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவர்களுடைய செருப்பின் அடிப்பாகம்தான். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் அப்படி எதுவும் தெரியவில்லை. பழுப்பு நிறக் கோட்டு ஒன்று பளிங்குப் படியில் இழுபட்டுப் போனது. அதன் ஓரம் தட்டையாக, உள்ளே ஒன்றுமில்லாத துணி கிடப்பதுபோல் கிடந்து நகர்ந்தது. ஜூலை மாதத்துக் காலையில் ஒருத்தி ஏன் கம்பளிக் கோட்டு போட்டிருக்கிறாள் என்றுதான் சில்வானா முதலில் நினைத்தாள். கால் எங்கே என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. அதற்குள் அந்தப் பெண் மூலை திரும்பிவிட்டாள்.

லொரேட்டோ பேராலயத்தின் நடுவில் மாதா வாழ்ந்ததாக ஜனங்கள் நம்புகிற சின்ன வீடு நிற்கிறது. செங்கல் வீடு, அதைச் சுற்றிப் பளிங்கு உறை, உறையைச் சுற்றிப் பளிங்குப் படி. எத்தனையோ தலைமுறையாக ஜனங்கள் முழங்காலில் சுற்றிச் சுற்றி வந்ததில் அந்தப் படியில் இரண்டு தடங்கள், வண்டிச் சக்கரம் பதிந்த பாதைபோலக் குழிந்து, வழவழத்துக் கிடக்கின்றன. அந்தத் தடத்தில் மூலை திரும்பியவர் மறுபக்கம் வந்துசேர நாலைந்து நிமிடம் போதும். சில்வானா காத்திருந்தாள். ஒரு போலந்துக் கன்னியாஸ்திரீ வந்தாள். கழுத்தில் கைக்குட்டை சுற்றிய ஒரு தடித்த மனிதர், மூச்சு வாங்க வந்தார். பழுப்புக் கோட்டு வரவில்லை. ஆனால் சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஒரு தட்டு, ஓர் இழுப்பு. ஒரு தட்டு, ஓர் இழுப்பு. சதை நடுவில் இல்லாமல் எலும்பு நேராகக் கல்லில் படுகிற சத்தம்.

சில்வானாவின் கணவன் நத்ஸரேனோ பெஞ்சில் வலது காலை நீட்டி உட்கார்ந்து, தரையில் பதித்திருந்த கற்களின் இணைப்புகளைத் தொழில்காரனின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தான். வாஸ்தோ ஊரில் டைல்ஸ் போடுகிறவன். முப்பத்தெட்டு வருடம் அந்த வேலைதான்.

"நம்ம ஊர்ல பாதி வீட்டுச் சமையலறையில நான் முட்டி போட்டிருக்கேன். மாதா வீடு ஒண்ணுதான் மிச்சம்" என்றான்.

சில்வானாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் விளையாட்டாகச் சொன்னது அப்படியே உண்மை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதம், கட்டிக்கொண்டிருந்த வீட்டின் இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து அவன் விழுந்தான். பதினோரு நாள் கண் திறக்கவில்லை. சில்வானா ரயில்வே தொழிற்சங்கக்காரர் ஒருவரின் மகள். மாதா ஊர்வலம் தெருவில் போகும்போது தொப்பியைக் கழற்றாமல் நின்றதற்காகவே ஊரில் பேர் வாங்கியவர் அவளுடைய அப்பா. அவளும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிரக் கோயில் வாசல் மிதித்ததில்லை. பதினோராவது நாள், டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய பிறகு, ஆஸ்பத்திரி நடையில் காப்பி இயந்திரத்துக்கு மேலே யாரோ ஒட்டி வைத்திருந்த லொரேட்டோ மாதா படத்தின் முன்னால் நின்றாள். கெஞ்சக்கூட இல்லை. பேரம் பேசுகிறவள் மாதிரிதான் சொன்னாள். இவனை விட்டுடு, லொரேட்டோவுக்குக் கூட்டிட்டு வந்து உன் வீட்டை மூணு சுத்து முட்டி போட்டுச் சுத்த வைக்கிறேன்.

மறுநாள் காலை அவன் கண் விழித்து, டைல்ஸ் பெட்டி உடைந்ததா என்று கேட்டான்.

வலது முழங்காலில் கம்பியும் திருகாணியும் வைத்துத் தைத்திருந்தார்கள். அது பாதிக்கு மேல் மடங்காது. அதனால் நேர்ச்சையை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அப்பாவின் மகள் படத்தின் முன்னால் நின்று வாய்விட்டுப் பேசினாள் என்பதை அவனிடம்கூட எப்படிச் சொல்வது? மறந்துவிடலாம் என்று இருந்தாள். இந்த வருடம் தவக்காலம் தொடங்கிய புதன்கிழமை, அவன் படுக்கையிலிருந்து எழுந்தபோது இரண்டு முழங்காலும் தோல் உரிந்திருந்தன. அடுத்த நாளும் அப்படியே. ஒவ்வாமை என்று சொல்லி டாக்டர் களிம்பு கொடுத்தார். ஒரு முறை அவள் விளக்கை அணைக்காமல், அவன் கணுக்கால்களைத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு விழித்திருந்தாள். அவன் அசையவே இல்லை. விடிவதற்குள் அவள் கண்ணெதிரிலேயே, கண்ணுக்குத் தெரியாத எதுவோ தேய்ப்பதுபோல், தோல் மெதுவாகச் சிவந்து, கசிந்து, திறந்துகொண்டது.

முப்பதாவது கல்யாண நாளுக்கு லொரேட்டோ போகலாம் என்று அவள் சொன்னபோது அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். உங்கப்பா இருந்திருந்தால் உன்னை வீட்டுக்குள்ளேயே விட்டிருக்கமாட்டார் என்றான். பழைய ஊர், மலைமேல் இருக்கிறது, கீழே கடல், இரண்டு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு மீன் சாப்பிட்டு வரலாம் என்றெல்லாம் அவள் சமாளித்தாள். மனதுக்குள் தீர்மானம் வேறு. மூன்று சுற்றையும் தானே போட்டு இதை முடித்துவிடுவது.

அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்த பிறகும் அவள் பின்வாங்கவில்லை. அவனிடம் சும்மா ஒரு வேடிக்கைக்கு என்று சொல்லிவிட்டுப் படியில் முழங்காலிட்டாள். பளிங்கு சில்லென்று இருந்தது. மெழுகுவர்த்திப் புகையும், ஆயிரம் பேர் கை வைத்த கல்லின் வாடையும் மூக்கில் ஏறின. கோபத்தோடு நகர்ந்தாள். ஜெபம் சொல்லவில்லை. ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் முதல் மூலை திரும்பியபோது அந்தச் சத்தம் அவளுக்குப் பின்னால், மிக அருகில் கேட்டது. கூடவே, மழையில் நனைந்து மூலையில் போட்டு மறந்துபோன கம்பளியின் வாடை. பாவாடை ஓரம் எதிலோ மாட்டியதுபோல் இறுகியது. அது மாட்டவில்லை. யாரோ அதன்மேல் முழங்காலை வைத்திருந்தார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல், கிழிந்தால் கிழியட்டும் என்று ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு முன்னேறினாள்.

முடித்து எழுந்தபோது அவள் முழங்காலில் ஒரு கீறல்கூட இல்லை. சிவக்கக்கூட இல்லை.

பெஞ்சில் நத்ஸரேனோ தன் கால்சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிர் நிறத் துணியில் இரண்டு முழங்காலிலும் ரொட்டித் துண்டு அளவுக்கு இரத்தம் ஊறி, அவள் பார்க்கும்போதே இன்னும் அகலமாகப் பரவிக்கொண்டிருந்தது.

"நான் எந்திரிக்கவே இல்லியே, சில்வா" என்றான் அவன்.

அவர்கள் தங்கியிருந்தது பேராலயச் சதுக்கத்துக்குப் பின்சந்தில் இருந்த ஒரு யாத்ரீகர் விடுதி. நடத்துகிறவள் டெர்னா, நாற்பத்தைந்து வயது இருக்கும், விரலிடுக்கில் எப்போதும் பற்றவைக்காத சிகரெட் ஒன்று. கால்சட்டையைப் பார்த்ததும் அவள் ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போய் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டாள். நத்ஸரேனோ அறையில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது, துணி துவைக்கும் தொட்டி ஓரமாகச் சில்வானாவைக் கூப்பிட்டாள்.

"நேர்ந்துகிட்டது யாரு?"

சில்வானா சொன்னாள். யாரிடமும் சொல்லாததை, முந்தின நாள்தான் பார்த்த ஒரு பெண்ணிடம், நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள்.

"வாய் உங்களோடது. முட்டி அவரோடது" என்றாள் டெர்னா. துணியைப் பிழிந்தாள். தொட்டியில் தண்ணீர் சிவப்பாக இறங்கியது. அப்புறம், வெந்நீர்க் குழாய் சரியாக வராது என்று சொல்லும் அதே தொனியில், பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஊரே தூங்குகிற நேரம், சன்னல் அடைத்தே இருக்கட்டும் என்றாள். "கதவை யாராவது கீழ்ப்பாதியில தட்டினா திறக்காதீங்க. மேல்பாதியில தட்டினா நான்தான்."

நீங்கள் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்று சில்வானா கேட்டாள். டெர்னா தன் நீளமான மேலங்கியை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டாள்.

மதியம் சாப்பிட்டுவிட்டு ரயிலைப் பிடித்துவிடலாம் என்று சில்வானா சொல்லிப் பார்த்தாள். கட்டுப் போட்ட காலோடு இந்த வெயிலில் எங்கே நடப்பது, கொஞ்சம் படுத்துவிட்டு ஐந்து மணி வண்டியில் போகலாம் என்றான் அவன். படுத்த உடனே தூங்கியும் போனான். மரச் சன்னல் கதவுகளின் இடுக்குகள் வழியாக வெயில் கம்பி கம்பியாகச் சுவரில் விழுந்திருந்தது. வெளியே சதுக்கத்து நீரூற்று கொட்டுகிற சத்தம், எங்கோ ஒரு சமையலறையில் தட்டுகளை அடுக்குகிற சத்தம், ஒரு மோட்டார் சைக்கிள் மலையிறங்கிப் போகிற சத்தம், ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் அவன் மூச்சும் அவள் காதுக்குள் ஓடுகிற இரத்தமும் மட்டும் மிஞ்சின. அறை முழுவதும் சூடான மெழுகின் வாடையும் களிம்பின் வாடையும். அவள் கட்டிலின் ஓரத்தில், கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தாள். அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். கதவுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

நடையின் கடைசியில், மாடிப்படி வந்து சேருகிற இடத்தில், ஒரு தட்டு. ஓர் இழுப்பு.

அவசரமே இல்லை அதற்கு. ஒவ்வோர் அறை வாசலிலும் நின்றது. மூச்சு விடுவதுபோல் ஏதோ. பிறகு மறுபடியும். தட்டு. இழுப்பு. அடுத்த வாசல். தட்டு. இழுப்பு. அவள் எண்ணினாள். நடையில் ஏழு அறைகள். இவர்களுடையது ஆறாவது. நனைந்த கம்பளி வாடை கதவுக்கு அடியில் இருந்த இரண்டு விரல் இடைவெளி வழியாக முதலில் வந்தது. அப்புறம் நிழல். நடை விளக்கின் வெளிச்சத்தை அந்த இடைவெளியில் முழுவதுமாக அடைத்துக்கொண்டு.

தட்டியது. கீழ்ப்பாதியில். அவளுடைய முழங்கால் உயரத்தில்.

அவள் அசையவில்லை.

அப்புறம் ஒரு குரல் பேசியது. அது அவளுடைய குரல். கரகரத்து, பதினோரு நாள் தூங்காதவளின் குரல். காப்பி இயந்திரம் உறுமுகிற சத்தம்கூடப் பின்னால் கேட்டது.

"இவனை விட்டுடு. லொரேட்டோவுக்குக் கூட்டிட்டு வந்து உன் வீட்டை மூணு சுத்து முட்டி போட்டுச் சுத்த வைக்கிறேன்."

நத்ஸரேனோ விழித்துக்கொண்டான். "வெளிய என்ன பண்ற, சில்வா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டான். எழப் போனவனை அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவன் அவள் கையைப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மறுபடியும் கதவைப் பார்த்தான். வெளியே அந்தக் குரல் அதையே, அதே இடத்தில் மூச்சு வாங்கி, இன்னொரு முறை சொன்னது.

அவன் அவள் கையைத் தன் தோளிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"நீயா? நீ போய் மாதாகிட்ட பேசினியா?" என்று கேட்டான்.

"பேசினேன்."

"எனக்காகவா?"

"வேற யாருக்காக?"

அவன் முகத்தில் ஏதோ இளகியது. முப்பது வருடத்தில் அவள் அதை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறாள். பிறகு அவன் காலைத் தரையில் ஊன்றினான். மூன்றே சுற்றுதானே, இத்தனை வருடம் போட்ட முட்டிதானே, போய் முடித்துவிட்டு வருகிறேன், கம்பி உடைந்தாலும் போகட்டும் என்றான். கதவுக்கு வெளியே அந்த மூச்சு நின்றது. கேட்டுக்கொண்டிருந்தது.

"அதுக்குக் காலே இல்ல, ரேனோ" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "காலைல நான் பாத்தேன். முட்டிக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. தேஞ்சு போயிருக்கு. யாரோ எத்தனை சுத்துன்னு நேர்ந்துகிட்டு அதைக் கூட்டிட்டு வந்தாங்களோ, தெரியாது."

அவன் காலை மறுபடி கட்டிலுக்கு மேலே எடுத்துக்கொண்டான்.

"உன்னைக் கேக்காம உன் முட்டியைக் கொடுத்துட்டேன்" என்றாள். "பேசினதுக்கு எனக்கு வெக்கமில்ல. கொடுத்ததுக்குத்தான். அதைத் திருப்பி வாங்கப் போறேன். நீ என் தோளைப் பிடிச்சுக்க. என்ன ஆனாலும் காலை மடக்காதே."

அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவள் கதவைத் திறந்தாள்.

முதலில் தெரிந்தது ஒரு தலைவகிடு. அவள் இடுப்புக்கும் கீழே, ஒழுங்காகச் சீவிய நரைமயிரின் நடுவில், நேரான வெள்ளை வகிடு. கோட்டின் தோள்கள். கோட்டு முடிகிற இடத்தில் மரத்தரை. நடுவில் இருக்க வேண்டியது எதுவும் இல்லை. அது முகத்தை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்து பார்க்கிற பழக்கமே அதற்குப் போய்விட்டதுபோல் இருந்தது.

சில்வானாவின் முழங்கால்கள் தாமாகவே தளர்ந்தன, கீழே வா, கீழே வந்தால் எல்லாம் சுலபம் என்பதுபோல. அவள் தொடைகளை இறுக்கினாள்.

"சொன்னது நான். இவன் இல்ல" என்றாள். "சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன். இவன் முட்டி போடமாட்டான். இனிமே நானும் போடமாட்டேன். யாருக்கும்."

நடையின் கடைசியில், மாடிப்படிப் பக்கம், முதல் அறையின் கதவு திறந்தது. இரண்டாவது. மூன்றாவது. கைப்பிடியை யாரும் மேலிருந்து திருப்பவில்லை. கீழிருந்து எட்டிப் பிடித்த விரல்கள். காலை உணவின்போது வணக்கம் சொன்ன ஜெர்மன்காரத் தம்பதி. போலந்துக் கன்னியாஸ்திரீ. கழுத்தில் கைக்குட்டையோடு அந்தத் தடித்த மனிதர். எல்லோரும் முழங்காலில். எல்லோரும் குனிந்தபடி. நடையின் இரு பக்கமும் சுவரோரமாக வந்து வரிசையில் நின்றார்கள். நிற்கவில்லை. நிற்க அவர்களுக்குத் தெரியாது.

"நட" என்றாள் சில்வானா.

பெட்டியை விட்டுவிட்டார்கள். அவன் அரைக்கால் சட்டையோடு, கட்டுகள் வெளியே தெரிய, அவள் தோளில் தொங்கியபடி நடந்தான். அவள் பழுப்புக் கோட்டைத் தாண்டவில்லை. அதன் தோளில் தன் தொடையை வைத்துத் தள்ளி ஒதுக்கிவிட்டுப் போனாள். காலிப் பெட்டியைத் தள்ளுவதுபோல் லேசாக நகர்ந்தது அது. கைகள் அவர்களுடைய கணுக்கால்களைத் தொட்டன. பிடிக்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தன, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று. மாடிப்படியின் முதல் படியில் டெர்னா முழங்காலில் இருந்தாள். விரலிடுக்கில் சிகரெட். அவளும் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழி விட்டாள்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. சதுக்கம் நிறைய ஜனம். தூண்களுக்கு நடுவில், நீரூற்றைச் சுற்றி, கடை வாசல்களில். காப்பித் தட்டை ஏந்திய கடைக்காரர். கழுத்தில் கேமரா மாட்டிய பயணிகள். குழந்தை வண்டியின் கைப்பிடியை எட்டிப் பிடித்திருந்த ஒரு தாய். அத்தனை பேரும் முழங்காலில். அவர்கள் போகப் போகத் தலைகள் திரும்பின. ஒருவர் மட்டும் போகிற அகலத்துக்கு வழி விட்டிருந்தார்கள். அவள் அதை ஏற்கவில்லை. அவனைத் தன் பக்கத்திலேயே இழுத்துக்கொண்டு, இடுப்பாலும் தொடையாலும் இடித்து, இருவர் போகிற வழியாக்கிக்கொண்டு போனாள்.

நகர வாசலைத் தாண்டி, ரயில் நிலையத்துக்கு இறங்குகிற நீளமான படிக்கட்டு. கீழே வயல்கள். அதற்கப்பால் நீலமாகக் கடல். ஒவ்வொரு படியிலும், இரு ஓரத்திலும், தலைகள். கடைசிப் படிவரை. அதற்கப்பால் சாலையிலும்.

நாற்பது படி இறங்கினார்கள். அவன் கட்டுகள் நனைந்து ஒழுக ஆரம்பித்தன. ஐம்பது. கம்பி வைத்த காலில் ஏதோ நெரிந்தது. அவன் அவள் பெயரை ஒரு முறை சொன்னான். அவன் எடை முழுவதும் அவள் தோளில் வந்து இறங்கியது. அவள் இரு கைகளையும் அவன் அக்குளில் கொடுத்து, முதுகைப் பின்னால் வளைத்து, பல்லைக் கடித்துத் தாங்கினாள்.

அவன் முழங்கால் கல்லைத் தொட இன்னும் ஒரு சாண் இருந்தது.

படிக்கட்டு முழுவதும் இருந்த தலைகள் ஒன்றாகக் குனிந்தன, அந்த ஒரு சாணைப் பார்த்து. யாரும் அவசரப்படவில்லை. அவள் பிடியை விடவில்லை.